பொய்ச்சோறு

நாயுடுபேட்டை முகாமில் யாருக்கும் பசிக்கவில்லை. விடிந்ததும் கூலிகள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஒரு சிப்பாய் ஆளுக்கொரு வெள்ளை வில்லையை நாக்கில் வைப்பான். இன்னொருவன் தண்ணீர் ஊற்றுவான். வரிசையின் கடைசி ஆள் விழுங்குவதற்குள் முதல் ஆள் ஏப்பம் விடத் தொடங்கியிருப்பான். கல்யாணப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தவன் விடுகிற ஏப்பம். பிறகு ஒட்டிய வயிற்றைத் தடவிக்கொண்டே கடப்பாரையை எடுத்துக்கொண்டு தண்டவாளம் போடப் போவார்கள். சிப்பாய்களின் சமையல்கூடத்திலிருந்து மீன்குழம்பு வாசனை காற்றில் வரும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மருந்தை ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் ஜப்பானியர்கள் உற்பத்தி செய்தார்கள். அமுதவில்லை என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்தவர் முகாம் நிர்வாகி வேதாசலம். பிரிட்டிஷார் காலத்தில் தாசில்தாராக இருந்தவர், அழகாகப் பெயர் வைக்கத் தெரிந்தவர். கூலிகள் அதைப் பொய்ச்சோறு என்றார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே விழுங்கினார்கள்.

ஜப்பானியப் படை இலங்கையைப் பிடித்து, சென்னையில் கரையிறங்கி ஓராண்டு முடிந்திருந்தது. மேற்கே பாரசீகம் வழியாக ஜெர்மானியர்கள் வருவார்கள், கிழக்கிலிருந்து ஜப்பானியர்கள் போவார்கள், இரு படைகளும் கராச்சியில் சந்திக்கும் என்பது திட்டம். தளபதிகளின் மேஜைமேல் விரித்திருந்த வரைபடத்தில் அது ஒரு சாண் தூரம்தான். ஆனால் படை நெல்லூரில் பெண்ணாற்றங்கரையோடு நின்றுபோனது. நிறுத்தியது பீரங்கி அல்ல, அரிசி. பர்மாவிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பல்களை பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் வங்கக் கடலில் மூழ்கடித்தன. பின்வாங்கிய பிரிட்டிஷார் தண்டவாளங்களைப் பெயர்த்து, பாலங்களைத் தகர்த்துவிட்டு எஞ்சின்களை வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது மாட்டுவண்டியும் மனிதத் தோளும். வண்டிமாடு தின்னும், வண்டிக்காரன் தின்பான், வழிக்காவலுக்குப் போகிறவனும் தின்பான். தூரம் கூடக்கூடச் சுமை வழியிலேயே தீர்ந்து, ஓரிடத்துக்குமேல் வண்டி காலியாகத்தான் போய்ச் சேரும். அந்த இடத்தைத் தாண்டி எந்தச் சாம்ராஜ்யமும் நகர முடியாது.

வில்லை அந்த இடத்தைத் தள்ளிவைக்க வந்தது. சுமக்கிறவன் தின்னாவிட்டால் சுமை முழுசாகப் போய்ச் சேரும் அல்லவா?

முகாமில் இருந்த ஒரே மருத்துவர் சுகிர்தம். பாளையங்கோட்டையில் பிறந்தவள். செங்கல்பட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவளைப் படை வந்ததும் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். தண்டவாளத்தில் நசுங்கிய விரல்களுக்குக் கட்டுப்போடுவதுதான் அவள் வேலை என்றார்கள். வந்த புதிதில், வில்லையில் என்ன இருக்கிறது என்று விநியோக அதிகாரி மேஜர் ஹிராயாமாவிடம் கேட்டாள். நெல்லூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் அவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், பெண்கள் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றுவார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதில் உணவு எதுவும் கிடையாது என்றார். வயிறு மூளைக்கு அனுப்பும் புகாரை அது நிறுத்திவிடுகிறது. வயிறு நிறைந்த திருப்தியைத் தருகிறது. உடம்பு தன் கொழுப்பையும் பிறகு சதையையும் எரித்து வேலை செய்துகொள்ளும். ஒரு மாதத்துக்குமேல் கொடுக்கக் கூடாது என்று தயாரித்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள், அதற்குள் அரிசி வந்துவிடும் என்றார்.

அரிசி வந்தது. கூலிகள் போட்ட தண்டவாளத்தின்மேலேயே வந்து, அது முடிந்த இடத்தில் வண்டிக்கு மாறி, அவர்களைத் தாண்டி நெல்லூருக்குப் போனது.

ஒரு மாதம் கழிந்ததும் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். முனகலோ காய்ச்சலோ எதுவும் இல்லை. தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் நடக்கும்போதே விழுவான், அவ்வளவுதான். முகாமில் அதிகம் பேர் செத்தால் நிர்வாகியை மாற்றுவோம் என்று சென்னைத் தலைமையகம் அறிவித்திருந்தது. மாற்றப்பட்ட நிர்வாகிகள் என்ன ஆனார்கள் என்பது வேதாசலத்துக்குத் தெரியும். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது செத்தவன் பெயர் வந்தால் "ஓடிப்போனான்" என்று உரக்கச் சொல்லிவிடுவார். பிணங்கள் ரயில்பாதைக்குப் போடும் மண்கரையில் புதைந்தன. செங்கல்பட்டு, ஆற்காடு கிராமங்களிலிருந்து புது ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். இரண்டு வேளை நெல்லுச்சோறு என்று சொல்லி அவர்களை ஏற்றி வந்தவரும் வேதாசலம்தான்.

சுகிர்தம் மேஜரிடம் நேரடியாகச் சொன்னாள், இவர்கள் சாகிறார்கள் என்று. அவர் நிர்வாகியைக் கூப்பிட்டு விசாரித்தார். வேதாசலம் சிரித்தார். இந்த ஜனங்களுக்கு ஓரிடத்தில் தங்கி உழைத்துப் பழக்கமில்லை, ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்த ஊருக்கு ஓடிவிடுகிறார்கள், டாக்டரம்மா இளகின மனசுக்காரி என்றார். மேஜர் தலையசைத்தார். கூலிகள் ஓடிப்போவார்கள் என்பது அவர் வருவதற்கு முன்பே அறிந்து வைத்திருந்த விஷயம். மண்கரையைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து சுகிர்தத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு வில்லை கிடையாது, சிப்பாய்களின் சமையல்கூடத்திலிருந்து தட்டு வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யார் கழுத்தையாவது நெரிக்க வேண்டும்போல் இருந்தது.

மதுராந்தகத்துப் பக்கத்திலிருந்து வந்த கன்னியப்பன் ஒரு தண்டவாளக் கூட்டத்துக்கு மேஸ்திரி. நாற்பது வயதிருக்கும். கையில் காயத்தோடு ஒருநாள் அவளிடம் வந்தார். கட்டுப்போட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"வவுறு ரொம்பித்தான் கீது டாக்டரம்மா. அர்ணாக்கவுறு மட்டும் இடுப்புல நிக்க மாட்டேங்குது. முடிச்சு மேல முடிச்சா போட்டுக்கினே கீறேன்" என்றார்.

சட்டையை விலக்கிப் பார்த்தாள். அவருடைய விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணலாம்.

"அந்த வில்லைல சோறு கிடையாது. சத்தும் கிடையாது. உங்க உடம்பத்தான் நீங்க தின்னுட்டு இருக்கீங்க, கன்னியப்பன்."

அவர் அதைக் கேட்டுப் பயப்படவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் பயம் வரவில்லை என்று அவரே சொன்னார். வில்லையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடச் சொல்லி அனுப்பினாள்.

இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் ஒரு மத்தியானம் கன்னியப்பன் மண்கரையில் குப்புற விழுந்து அங்கே முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி மென்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். சுகிர்தம் ஓடிவந்தபோது முகமெல்லாம் கண்ணீரும் மண்ணுமாக இருந்தது. "வந்துட்ச்சு டாக்டரம்மா" என்றார். பிரசவ அறையில் எத்தனையோ பேர் வலி வந்துவிட்டது என்று சொல்லிக் கேட்டவள் அவள். இந்தக் குரலும் அப்படித்தான் இருந்தது.

பசியோடு மற்றதெல்லாம் வந்தன. மனைவி அஞ்சலையின் முகம் அத்தனை வாரங்களில் முதல்முறையாக ஞாபகம் வந்தது என்று அவளிடம் சொன்னார். தன்னோடு லாரியில் வந்தவர்களில் யார் யார் இப்போது இல்லை என்பது ஞாபகம் வந்தது. லாரியில் ஏற்றியவர் யார் என்பதும் வந்தது. அன்று சாயங்காலமே தன் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் காதோடு பேசினார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அந்தக் கூட்டம் முழுவதும் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் கிளைப்பாதையில் நெல்லூருக்குப் போகும் அரிசி வேகன்கள் நின்றிருந்தன. வேகனைத் திற, உலை வை, சாப்பிட்டுவிட்டு வேலை செய்கிறோம் என்றார் கன்னியப்பன். அவர் பின்னால் இருந்தவர்கள் அழுதார்கள், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். மற்ற கூட்டத்துக் கூலிகள் கடப்பாரையை ஊன்றி நின்று, பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்து ஏப்பம் விட்டார்கள்.

துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று சுகிர்தம் பயந்தாள். நடக்கவில்லை. வேதாசலம் வந்தார், கோபப்படாமல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், சார்ஜெண்டிடம் ஏதோ சொன்னார். சிப்பாய்கள் ஒவ்வொருவராகப் பிடித்து, மூங்கில் துண்டால் பல்லை நெம்பித் திறந்து, வில்லையைத் தொண்டைக்குள் தள்ளித் தண்ணீர் ஊற்றினார்கள். மூக்கைப் பொத்தினார்கள். அவள் குறுக்கே போய் விழுந்தாள், ஒரு சிப்பாய் அவளைத் தூக்கிக் கொட்டகை வாசலில் உட்காரவைத்தான். கொஞ்ச நேரம்தான். முதல் ஏப்பம் கேட்டது. ஒருவர் எழுந்து வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள். சிலர் வெட்கப்பட்டதுபோல் சிரித்தார்கள். கடப்பாரைகளை எடுத்துக்கொண்டார்கள்.

கன்னியப்பன் கடைசியாக எழுந்தார். அவள் அருகில் வந்து நின்று, வேதாசலம் இருந்த பக்கம் பார்த்தார்.

"கோவம் வர மாட்டேங்குது டாக்டரம்மா. தேடிப் பாக்கறேன். காணோம்."

அவருக்குச் சேர வேண்டிய கோபமும் சேர்ந்து அவளுக்கு வந்தது. வேதாசலத்தின் எதிரே போய் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவர்களே சந்தோஷமாக இருக்கும்போது நீங்கள் ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்.

சில நாட்களில் கன்னியப்பன் தண்டவாளம் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்தார். கூடத் தூக்கியவர்கள் சுமையைக் கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். வயிறாரச் சாப்பிட்டவன் முகம்போல் இருந்தது அவர் முகம். மறுநாள் காலை கணக்கெடுப்பில் வேதாசலம் உரக்கச் சொன்னார்: "கன்னியப்பன், மதுராந்தகம். ஓடிப்போனான்."

ரயில்பாதை பெண்ணாற்றைத் தொட்ட அன்று மேஜர் ஹிராயாமா முகாமுக்கு வந்தார். இந்தத் தடவை பார்வையிட வரவில்லை, கேள்வி கேட்க வந்திருந்தார். தலைமையகத்தில் பெரிய முடிவு எடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் வில்லை சாப்பிட்டும் நாயுடுபேட்டையில் ஒரு சாவுகூட இல்லை. அப்படியென்றால் தயாரித்தவர்கள் அளவுக்குமேல் பயந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கூலிகளுக்கு ஒத்துக்கொண்டது சிப்பாய்களுக்கும் ஒத்துக்கொள்ளும். அரிசி வண்டி இல்லாமல், சமையல்காரர்கள் இல்லாமல், தோட்டாவை மட்டும் சுமந்துகொண்டு படை கிருஷ்ணா நதியைத் தாண்டி ஐதராபாத் வழியாகப் பம்பாய்க்குப் போகும். ஆனாலும் மேஜருக்கு மனசு உறுத்திக்கொண்டிருந்தது. இந்த மருந்தைப் பக்கத்திலிருந்து பார்த்த மருத்துவர் நீங்கள் ஒருவர்தான், இதனால் யாராவது செத்தார்களா என்று சுகிர்தத்திடம் கேட்டார். வேதாசலமும் அங்கேதான் நின்றிருந்தார்.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். வாசலில் காவல் நின்ற சிப்பாய்க்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவனுடைய கால் புண்ணுக்கு முந்தின வாரம்தான் மருந்து போட்டிருந்தாள். கன்னியப்பனின் பல்லை மூங்கிலால் நெம்பியவனும் அவன்தான்.

முகாமின் ஆள் கணக்கு நிர்வாகியின் பொறுப்பு, ஏற்கெனவே ஒருமுறை அவருடைய சொல்லைத்தான் நீங்கள் நம்பினீர்கள், இப்போதும் அவரையே கேளுங்கள் என்றாள்.

மேஜர் திரும்பினார். வேதாசலத்துக்கு வேர்த்துவிட்டது. இப்போது உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் சொன்னது பொய்யாகிவிடும், தலை தோளில் இருக்காது.

"ஒருத்தரும் சாகல. எல்லாம் ஓடிப்போனவங்கதான்" என்றார். மேஜருக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னார்.

மேஜர் நன்றி சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். சுகிர்தம் அவரைக் கூப்பிடவில்லை.

அந்த வேகத்தில் ஒரு படை நகர்ந்ததை உலகம் பார்த்ததில்லை. சமைக்க நிற்க வேண்டாம், வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். கிருஷ்ணா நதியைத் தாண்டினார்கள். ஐதராபாத்தில் வியாபாரிகள் பயந்து கடைகளைப் பூட்டினார்கள். பம்பாயில் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். இனி எல்லை என்று ஒன்று கிடையாது என்று பெர்லின் வானொலி அறிவித்தது. பிறகு நல்கொண்டா பக்கத்திலிருந்து செய்தி வருவது நின்றது. பிரிட்டிஷ் ஒற்றர்கள் போய்ப் பார்த்தபோது சாலையின் இருபுறமும் சிப்பாய்கள் அணி கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி மடியில் இருந்தது. பாதிப் பேருக்கு உயிர் இல்லை. உயிர் இருந்தவர்கள் எழுந்து நிற்க முயன்று, முடியாமல், ஏன் முடியவில்லை என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

கடற்கரை மறுபடி பிரிட்டிஷார் கைக்கு வந்தது. சுகிர்தம் செங்கல்பட்டுக்குத் திரும்பினாள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது கைதிகளைப் போட்டிருந்தார்கள். அவர்களில் மேஜர் ஹிராயாமாவை அவளால் முதலில் அடையாளம் காண முடியவில்லை. அவரும் படையோடு வில்லையை விழுங்கிக்கொண்டு போனவர், பிடிபட்ட பிறகும் சட்டைப்பையில் மிஞ்சியிருந்ததை விழுங்கியிருக்கிறார். கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் மரியாதையாகக் கையால் மறைத்து, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். அவள் எத்தனை முறை கொண்டுபோனாலும் அதையே சொன்னார். நான்காம் நாள் இறந்தார். அதைப் பார்த்து மனசு ஆறும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. இவர் எதுவும் தெரியாமல் செத்தார், கன்னியப்பனாவது கடைசியில் ஒருமுறை தெரிந்துகொண்டார் என்று மட்டும் நினைத்தாள்.

மதுராந்தகத்திலிருந்து அஞ்சலை அவளைத் தேடி வந்தாள். புருஷன் ஓடிப்போனான் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். வேறு எவளோடோ இருக்கிறான் என்று மாமியார் வீட்டில் பேசுகிறார்கள். எங்கே ஓடினார் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். சுகிர்தம் அவளை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். பசி வந்த அன்று உன் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது என்று சொன்னார் என்றாள். அஞ்சலை வெகுநேரம் அழுதாள். பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. ஊரிலும் அரிசி இல்லை. இரண்டு படைகள் வந்து போனதில் மாவட்டத்தில் ஒரு குதிரில்கூட நெல் மிஞ்சவில்லை. ஜனங்கள் செங்கல்பட்டு ரயிலடியில், பூட்டிக் கிடந்த சரக்குக் கொட்டகைக்கு முன்னால் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளும் அங்கே போய் உட்கார்ந்தாள்.

அந்த வாரம்தான் வேதாசலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பிரிட்டிஷார் அவரைப் பஞ்ச நிவாரண அதிகாரியாக நியமித்திருந்தார்கள். அனுபவசாலி, மாவட்டத்தைத் தெரிந்தவர், முகாமில் ஒரு சாவுகூட இல்லாமல் நிர்வாகம் செய்தவர் என்று மேலிடத்தில் பேச்சு.

"நாயுடுபேட்டைல மீந்துபோன வில்லையெல்லாம் இப்ப நம்ம கையில இருக்கு டாக்டரம்மா. செய்முறையும் டெல்லிக்குப் போயாச்சு" என்றார். "பெரியவங்களுக்கு ஒண்ணுன்னு தெரியும். பிள்ளைங்களுக்குப் பாதி போதுமா, கால்வாசியா? அத நீங்க சொன்னீங்கன்னா நல்லது."

அளவை விட்டுவிட்டு அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"கொட்டகைல அரிசி இருக்குல்ல?"

"அது பட்டாளத்துக்கு. ரங்கூன் வரைக்கும் போகணும், அப்புறம் சிங்கப்பூர். போற வழியில ஒரு மணி அரிசி கிடைக்காது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் மனசு இருக்கு. சோறு குடுக்க முடியல, பசியயாவது எடுத்துடலாமே. வெளிய கத்தறாங்க பாருங்க, கேக்கவே சங்கடமா இருக்கு."

சன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. பெண்களின் குரல்தான் அதிகம். சாபமும் ஒப்பாரியும் கெட்ட வார்த்தையும் கலந்த சத்தம். நாயுடுபேட்டையில் ஒரே ஒரு காலைதான் அவள் அதைக் கேட்டிருந்தாள்.

"அப்ப நான் சும்மா இருந்த மாதிரி இப்பவும் இருந்துட்டா போதும்னு வந்தீங்களா?" என்றாள்.

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றினார். அன்று நாம் இரண்டு பேருமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அதைக் கிளறுவானேன் என்றார். நீங்கள் அளவு சொல்லாவிட்டால் வேறு டாக்டர் சொல்லுவார் என்றார். அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். தெருவைத் தாண்டி ரயிலடிக்குப் போனாள். கொட்டகை வாசலில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. தள்ளுவண்டி ஒன்றின்மேல் ஏறி நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் அவள். நாளைக்கு உங்களுக்கு ஒரு வெள்ளை வில்லை கொடுப்பார்கள் என்றாள். அதைத் தின்றால் என்ன ஆகும், தின்றவர்கள் எங்கே புதைந்து கிடக்கிறார்கள், அதைக் கொடுத்தவர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் சொன்னாள். யார் கொடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், இந்தப் பசி போய்விட்டால் அப்புறம் உங்களுக்குக் கேட்கவும் தோன்றாது என்றாள். கூட்டம் சத்தமடங்கிக் கேட்டது. போலீஸ்காரர்களும் கேட்டார்கள். அவர்கள் கன்னங்களும் ஒட்டித்தான் இருந்தன.

முன்வரிசையில் இருந்த அஞ்சலை எழுந்து, கொட்டகைக் கதவைக் காட்டினாள்.

"உள்ள எவ்ளோ மூட்ட கீது டாக்டரம்மா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் சுகிர்தம். "தொறந்து பாருங்க."